ஆளுக்கு 17 டாலர்!

பி.காம். படித்தவன் நான். ஜெபத்திலும் வரவு-செலவு பார்த்தே பழக்கம். "இத்தனை வருஷமா தவறாம சர்ச்சுக்கு வர்றேனே ஆண்டவரே... அந்தப் பதவி எனக்குத்தானே?" என்று கேட்டேன். அது என் ஜூனியருக்குப் போனது. அவனோடு பேச்சை நிறுத்தினேன். ஆண்டவரோடும்தான்!

அப்போதுதான் டி.வி-யில் 'புரூஸ் ஆல்மைட்டி' பார்த்தேன். 2003-ல் வந்த ஹாலிவுட் காமெடி. நிருபர் ஜிம் கேரிக்கும் என் கதைதான். பதவி கைநழுவியதும் கடவுளைத் திட்டித் தீர்க்கிறார். கடவுளாக வரும் மார்கன் ஃப்ரீமன், தன் சக்தியையே தூக்கிக் கொடுத்துவிடுகிறார். இ-மெயிலாகக் குவியும் ஜெபங்களைப் படித்து மாளாமல், எல்லோருக்கும் 'சரி' என்று ஒரே தட்டு! விளைவு? லட்சக்கணக்கான பேருக்கு லாட்டரி. ஆளுக்கு 17 டாலர்!

வயிறு வலிக்கச் சிரித்தேன். க்ளைமாக்ஸில் சிரிப்பு நின்றது. எல்லா சக்தி இருந்தும் காதலியின் மனதை மாற்ற முடியவில்லை. கடைசியில், தன்னோடு இல்லாவிட்டாலும் அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று வேண்டுகிறார். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் தன் விருப்பத்தைப் பிதாவிடம் விட்டுக்கொடுத்தவர்தானே? எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டது, காமெடியில்தான் உறைத்தது.

மறுநாள் ஜூனியருக்குக் கை கொடுத்தேன். "எதிர்பார்க்கலை சார்" என்றான், கண் கலங்க. அந்த ஞாயிறு ஜெபத்தில் முதல் பெயர் அவனுடையது. கணக்கு டேலி ஆனதா என்று நான் இன்னும் பார்க்கவில்லை!