மூட்டைக்குத் திரும்பும் வழி

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவன மருத்துவர்களின் பெயர்ப்பலகைகள்தாம். அத்வைத ஆசிரமச் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் விடியற்காலையில் இருவகை மனிதர்களைக் காணலாம். கைகளை வீசி வேகநடை போடும் ஓய்வுபெற்ற அலுவலர்கள் ஒரு வகை. ஸ்கேன் உறையை மார்போடு அணைத்தபடி, ஆத்தூர்ப் பக்கமிருந்தும் நாமக்கல் பக்கமிருந்தும் முதல் பேருந்தில் வந்து இறங்கியவர்கள் மறு வகை. இரு சாராருக்கும் நோய் ஒன்றாக இருக்கலாம்; மாத்திரைச் சீட்டும் ஒன்றாக இருக்கலாம். நோய்க்குப் பிந்தைய வாழ்க்கை மட்டும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த வேறுபாட்டை எங்கள் மாமாவின் வழியாகவே நாங்கள் அறிந்துகொண்டோம்.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் முப்பது ஆண்டுகள் மூட்டை தூக்கியவர். ஐம்பத்தோராம் வயதில், ஒரு பங்குனி மதியத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. அரசின் காப்பீட்டு அட்டை இருந்தது. அடைபட்ட குருதிக்குழாயில் அன்றிரவே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகத் தொடரும் ஏற்பாடு அது. ஒரு தலைமுறைக்கு முன் மாமாவைப் போன்ற ஒருவருக்கு இந்தச் சிகிச்சை எட்டாக்கனி. இதை நன்றியோடுதான் எழுதுகிறோம்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பும்போது கொடுத்த தாளில் மாத்திரைகளின் பட்டியலுக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது: பாரம் தூக்கக் கூடாது. எத்தனை நாள், எத்தனை கிலோ என்ற விவரம் இல்லை. வங்கி அதிகாரி ஒருவருக்கு அந்த வரி வெறும் அறிவுரை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கோ அது வேலைநீக்க உத்தரவு. மாமா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பாரம் தூக்காதேன்னா, சோறு திங்காதேன்னு எழுத வேண்டியதுதானே," என்றார். எவரும் பதில் சொல்லவில்லை.

இதயம் நோயுற்றால் உடலை அசைக்கலாகாது என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரை, சில இடங்களில் அதற்கு மேலும், படுக்கையிலேயே கிடத்தி வைத்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் அமர்த்தியதே அன்று துணிச்சலாகக் கருதப்பட்டது. இத்தனைக்கும் நெஞ்சுவலியைத் துல்லியமாக விவரித்த பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்துவந்த நோயாளி ஒருவர் ஏறக்குறைய குணமானதைத் தம் நூலில் பதிந்து வைத்திருக்கிறார். உழைப்பே மருந்தாகலாம் என்ற குறிப்பு அங்கேயே இருந்தது. மருத்துவ உலகம் அதனிடம் திரும்பி வர வெகுகாலமாயிற்று.

படுக்கை என்ன செய்யும் என்பதை 1966-இல் டல்லாஸ் நகரில் நடந்த ஆய்வு காட்டியது. நல்ல உடல்நலமுள்ள இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். அவர்களது உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோனது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முதுமை அவர்களிடமிருந்து பறித்தது அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. நோயில்லாத இளைஞருக்கே இந்தக் கதி. இதயத்தின் வெளியேற்றத் திறன் 45 விழுக்காடாகக் குறைந்திருந்த மாமாவைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தி, தண்ணீர்ச் செம்பைக்கூட எடுக்கவிடாமல் காப்பதற்கு உறவுக்கூட்டம் அணிவகுத்து நின்றது. அன்பின் பெயரால் நடக்கும் இந்தச் சிறைவாசம் எல்லா ஊரிலும் உண்டு.

மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் ஒருவர் 'இதய மறுவாழ்வுப் பயிற்சி' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு மாடியில் அந்தப் பயிற்சிக்கூடம் இருந்தது. மாமா பன்னிரண்டு வாரம் எங்களோடு தங்கினார். வாரம் மூன்று நாள் பயிற்சி. விளையாட்டுக் காலணி அணிந்து வந்தவர்களுக்கு நடுவே ரப்பர் செருப்போடு போய் நின்ற ஒரே ஆள் அவர்தான்.

அங்கிருந்த இளம் இயன்முறை மருத்துவர் முதல் நாளில் எந்தக் கருவியையும் தொடவில்லை. கேள்விகள்தாம் கேட்டார்.

"மூட்டை எத்தனை கிலோ அண்ணா? தலையிலயா, முதுகுலயா?"

"முதுகுலதாம்மா. முன்னே நூறு கிலோ. இப்போ அம்பது, அப்புறம் சிப்பம்."

"படி ஏறணுமா?"

"படி இல்லம்மா. லாரிக்குச் சாத்துற பலகை."

"மூச்சை அடக்கித்தான் தூக்குவீங்களா?"

"அடக்காம எப்படிம்மா தூக்கறது?"

அன்றுவரை அவரது வேலையைப் பற்றி இத்தனை நுணுக்கமாக யாரும் விசாரித்ததில்லை. எங்களுக்கும் அதில் பாதி புதுச் செய்தி.

பயிற்சியின் கணக்கு எளியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒரு 'மெட்' என்கிறார்கள். சாதாரண நடைக்கு ஏறத்தாழ மூன்று மெட். பெரிய மூட்டையைச் சுமந்து நடக்க ஏழு, எட்டு. மேட்டில் ஏறினால் இன்னும் கூடும். ஐந்தாம் வாரம் மருத்துவர் மேற்பார்வையில் டிரெட்மில்லில் சோதித்தபோது மாமாவின் உச்சம் ஆறு மெட். அந்த நிலையில் லாரிப் பலகையில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிட்டது. இனிமேல் முடியவே முடியாது என்று மட்டும் அது சொல்லவில்லை.

நடையின் வேகமும் நேரமும் சிறிது சிறிதாகக் கூடின. பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடித்துடிப்பை அடக்கி வைப்பதால் துடிப்பை மட்டும் நம்ப முடியாது. ஆகவே ஸ்வீடனின் குன்னர் போர்க் வகுத்த, 6 முதல் 20 வரையிலான உழைப்புணர்வு அளவுகோலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். 11-க்கும் 13-க்கும் இடையில் நிற்க வேண்டும். நடந்தபடியே பேச முடிய வேண்டும். மாமா எண்களை விட்டுவிட்டுப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். டிரெட்மில்லில் நடந்துகொண்டே அன்றைய துவரம்பருப்பு விலை நிலவரத்தைக் கூடத்துக்கே அறிவிப்பார். வாக்கியம் உடைந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

கால் மட்டும் தேறினால் போதாது என்பது அடுத்த பாடம். ஒரே அளவு பிராணவாயுச் செலவுக்குக் கைவேலை, கால்வேலையைவிட இரத்த அழுத்தத்தை அதிகமாக ஏற்றும். மூச்சை அடக்கித் தூக்கினால் அது சட்டென்று எகிறும். ஆகவே ஏழாம் வாரம் ஐந்து கிலோ மணல்பை வந்தது. பிறகு எட்டு, பன்னிரண்டு. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். முப்பது ஆண்டுப் பழக்கத்தை உடலிலிருந்து பிடுங்குவதற்கு மணல்பையின் எடையைவிட அதிக முயற்சி வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் அரிசிப் பையைத் தூக்கி, பாம்பு சீறுவதுபோல் மூச்சு விட்டு, இறக்கி வைப்பார். அம்மா சமையலறையிலிருந்து, "தம்பி, போதும்டா, உட்காரு," என்பார். "உக்காரத்தான் காசு குடுத்துப் போறனாக்கா?" என்பது பதில்.

இவையெல்லாம் ஒருவரது அனுபவம் மட்டும் அல்ல. உடற்பயிற்சி வழியிலான இதய மறுவாழ்வைப் பற்றிய 85 ஆய்வுகளை, 23,430 நோயாளிகளின் விவரங்களோடு காக்ரேன் அமைப்பு 2021-இல் தொகுத்தது. மறு மாரடைப்பும் மருத்துவமனை வாசமும் குறைகின்றன என்பதும், நெடுநாளில் இதயநோய் மரணம் குறைகிறது என்பதும் அதன் முடிவு. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 பேரைக் கொண்டு நடந்த 'யோகா-கேர்' ஆய்வு 2020-இல் வெளியானது. செலவு குறைந்த யோகப் பயிற்சி மரணத்தையோ மறு மாரடைப்பையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைத்ததாக நிறுவ முடியவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் பழைய அன்றாட வேலைகளுக்குத் திரும்புவது மேம்பட்டிருந்தது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த இரண்டாம் செய்தியின் கனம் தெரியும்.

பன்னிரண்டாம் வார முடிவில் மாமாவின் உச்சம் ஒன்பது மெட். எட்டு மணி நேர வேலையின் சராசரி உழைப்பு, உச்ச ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. அதன்படி 50 கிலோ மூட்டை இப்போதைக்கு வேண்டாம். இடையிடையே ஓய்வோடு சிப்பம் தூக்கலாம் என்று தீர்மானமாயிற்று. 2022-இல் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஜி.எஸ்.டி. விதித்தபின் சந்தையில் 26 கிலோ மூட்டைகள் பெருகின. வரியைத் தாண்டக் கூட்டிய அந்த ஒரு கிலோவையும் சேர்த்துத்தான் மாமா சுமக்கிறார். சித்திரை, வைகாசி மதிய வெயிலில் சுமை இல்லை என்பதும் நிபந்தனை.

அவர் வேலைக்குத் திரும்பியதை இயன்முறை மருத்துவம் மட்டும் சாதித்துவிடவில்லை. கூலியைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் எட்டுப் பேர் குழுவில், குறைவாகத் தூக்குகிறவருக்கு எப்படிப் பங்கு கொடுப்பது? அவர்கள் ஒரு மாலை கூடிப் பேசினார்கள். எடை பார்ப்பதும் கோணி ஊசியால் சாக்கு தைப்பதும் இனி மாமாவின் பொறுப்பு. சிப்பம் வரும் நாளில் சுமையிலும் பங்கு. கூலியில் முக்கால் பங்கு. மாமாவுக்கு இது வருத்தம்தான். கையில் ஊசியோடு அமர்ந்திருக்கும்போது, பலகையில் ஏறும் இளைஞர்களின் முதுகுகளை அவர் பார்க்கும் பார்வையை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆயினும் அவர் அந்தச் சந்தையில் இருக்கிறார். சாய்வு நாற்காலியில் இல்லை.

இது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்பதே எங்களை உறுத்தும் கேள்வி. நடக்கும் தூரத்தில் அக்கா வீடு, முப்பத்தாறு நாள் பயிற்சிக்கு எங்கள் கைப்பணம், கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு பெண், மனசாட்சியுள்ள ஏழு கூட்டாளிகள் — இத்தனையும் ஒருசேர அமைந்தது அவரது நல்லூழ். சங்ககிரியில் லாரி ஓட்டுபவருக்கும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டியில் இரும்புக் குழாய் மாட்டுபவருக்கும் இப்படி அமைய வேண்டும் என்று என்ன கட்டாயம்? 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுவாசலுக்கே வருகிறது. விதை நம் கையில் இருக்கிறது. இதயநோயாளியிடம் அவரது வேலையைக் கேட்டு, அந்த வேலையின் எடைக்கேற்பப் படிப்படியாக அவரைத் தயார்செய்யும் கடமையையும் அதனோடு சேர்க்க முடியாதா?

வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவை மிஞ்சலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. மாமா நூறு கிலோ சுமந்த ஆண்டுகள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. இதயம் தேறி வருபவனுக்குப் படிப்படியாகப் பாரம் ஏற்றக் கற்றுக்கொண்ட நாம், நல்ல இதயமுள்ளவன் முதுகில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதையும் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம். தராசு லீ பஜாரில் இருக்கிறது. இப்போது அதன் பக்கத்தில் மாமா அமர்ந்திருக்கிறார்.