கல்லணையும் பூதலூர்ப் பக்கத்து ஆறுகளும்

பூதலூர் வட்டத்தில், தோகூரை ஒட்டி இருக்கிறது கல்லணை. மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம், காவிரி என்று இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றி வரும் ஆறு, இங்கே மறுபடி நெருங்குகிறது. கொள்ளிடத்தின் படுகை பள்ளம், காவிரியின் படுகை மேடு. தடுக்காமல் விட்டால் தண்ணீர் முழுக்கக் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். அதை மறித்து வயல்களின் பக்கம் திருப்புவதுதான் இந்த அணையின் வேலை. சோழ மன்னன் கரிகாலன் காலத்தது என்று போற்றப்படும் கல்சுவர் 329 மீட்டர் நீளம். நேர்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து கிடக்கிறது. பெரும் பாறைகளை மணலில் போட்டு, அவை தம் எடையால் புதையப் புதைய மேலே களிமண் வைத்து அடுத்த அடுக்கை ஏற்றியதாகச் சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இதில் மணற்போக்கி மதகுகள் வைத்ததும், மேலே முக்கொம்பில் மேலணை கட்டியதும் இந்தப் பழைய வேலையின் தொடர்ச்சியே. காவிரி டெல்டாவில் பார்க்க வேண்டிய ஒரே ஓர் இடம் எதுவென்று கேட்டால், தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் முன்பாகக் கல்லணையைத்தான் சொல்ல வேண்டும். இந்த நீர் இல்லாமல் அந்தக் கோயிலுக்கு நெல் ஏது?

அணைப் பாலத்தில் நின்று பார்த்தால் வடக்கிலிருந்து தெற்காகக் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நான்கும் வரிசையாகத் தெரியும். காவிரி கோவிலடியைக் கடந்து திருக்காட்டுப்பள்ளிக்கு வந்ததும் குடமுருட்டி பிரிகிறது. வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது. நான்காவதான கால்வாய்க்கு ஊரில் புது ஆறு என்று பெயர். மேட்டூர்த் திட்டத்தோடு 1934இல் வந்தது அது. பூதலூர்ப் பக்கமாக ஓடி, தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டிச் சென்று, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை பாய்கிறது.

இத்தனைக்கும் தண்ணீர் தேங்கும் ஏரி இருப்பது ஏறத்தாழ 200 கி.மீ. மேலே, மேட்டூரில். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்த நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மட்டம் நன்றாக இறங்கும் கோடையில், பண்ணவாடி அருகே மூழ்கிய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். மக்கள் பரிசலில் போய்ப் பார்த்து வருவார்கள். இருப்பு இருந்தால் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும். சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர, பூவும் நெல்லும் தூவி ஷட்டரைத் தூக்குவார்கள். குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று நெல் பருவங்களும் இந்தக் கணக்கில் நடக்கின்றன. ஜனவரி 28இல் மேட்டூரை மூடுவது வழக்கம். பிறகு மாதக்கணக்கில் ஆறு மணல்தான்.

ஆற்றங்கரைப் பொழுதுபோக்கும் இதே கணக்குத்தான். ஆடி 18 அன்று படித்துறைகளில் இடம் கிடைக்காது. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, வாழையிலையில் காதோலை, கருகமணி, காப்பரிசி, பழம் வைத்துப் படைப்பார்கள். பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள். பிறகு அங்கேயே புளியோதரையும் தேங்காய்ச் சாதமும். பிள்ளைகள் சின்னச் சப்பரம் இழுத்துத் திரிவார்கள். தண்ணீர் வராத ஆண்டுகளில் குழாயடியில் நின்று இதைச் செய்ய நேர்ந்ததுண்டு. டெல்டாக்காரர்களுக்கு அது ஆறாத வருத்தம்.

மற்ற நாட்களில் கல்லணைப் பூங்காவும், யானைமேல் அமர்ந்த கரிகாலன் சிலையும், கடைகளில் சுடச்சுட வறுத்துத் தரும் ஆற்று மீனும் கூட்டத்தை இழுக்கின்றன. மதகை ஒட்டிக் குளிப்பது மட்டும் கூடவே கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் நீர் அடியில் சுழித்து இழுக்கும்; உயிர்கள் போயிருக்கின்றன. குளிக்க நினைப்பவர்கள் ஊர்ப் படித்துறைகளில், உள்ளூர்க்காரர்கள் காட்டும் இடத்தில் இறங்கலாம். திருச்சி–தஞ்சாவூர் பாசஞ்சர் ரயில்கள் பூதலூரில் நிற்கும். அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி சென்று, காவிரிக் கரையோடு மேற்கே போனால் கல்லணை. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை போவது நல்லது.