ஆற்று நீரும் ஆப்-ஆம்ப் இரைச்சலும்

மலையில் பெருமழை பிடித்துக்கொண்டால், பழனியை ஒட்டி ஓடும் சண்முகநதியின் நிறம் மாறிவிடும். கலங்கல் என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். எவ்வளவு கலங்கல் என்று கேட்டால்தான் கண் கைவிரித்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 கலங்கலுக்கு வைத்திருக்கும் வரம்பு 1 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு). வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஒன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள வேறுபாட்டை டம்ளரைத் தூக்கிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பழனியில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, அதை அளக்கும் கருவியை மாணவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

தண்ணீருக்குள் அகச்சிவப்பு எல்.இ.டி.யின் ஒளியைச் செலுத்த வேண்டும். ஃபோட்டோடயோடை எதிரே வைக்காமல் 90 பாகை தள்ளிப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். மிதக்கும் துகள்களில் பட்டுச் சிதறிய ஒளி மட்டும் அதற்கு வந்து சேரும். தண்ணீர் தெளிவாக இருக்க இருக்க, வரும் ஒளியும் குறையும். நல்ல தண்ணீரை அளக்கும்போது கையில் கிடைப்பது ஒரு நானோஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம். அதை ஆப்-ஆம்ப் ஒன்றும் பின்னூட்ட ரெசிஸ்டர் ஒன்றும் வைத்து வோல்ட்டாக மாற்ற வேண்டும். 10 மெகா ஓம் போட்டால் 10 மில்லிவோல்ட் வரும்.

இந்த இடத்தில்தான் இரைச்சல் உள்ளே வருகிறது. எந்த ரெசிஸ்டரும் வெறும் அறை வெப்பத்திலேயே தானாக மின்னிரைச்சல் எழுப்பும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் கணக்கால் விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் வெளிவந்தது 1928-இல். ஒரு கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் 1 மெகா ஓம் தரும் இரைச்சல் சுமார் 4 மைக்ரோவோல்ட், 10 மெகா ஓம் தருவது சுமார் 13. பெரிய ரெசிஸ்டருக்குப் பெரிய இரைச்சல் என்று பயந்து சிறியதைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் சமிக்ஞை பத்து மடங்கு ஏறும்போது இரைச்சல் மூன்று மடங்கு சொச்சம்தான் ஏறுகிறது. பெரிய ரெசிஸ்டரே லாபம்.

இதைத் தாளிலேயே போட்டுவிடலாம். தாளில் சிக்காத விஷயத்துக்குத்தான் சிமுலேஷன் வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் எழுதிய ஸ்பைஸ் நிரலின் வழி வந்ததே இன்று நாங்கள் பயன்படுத்தும் எல்டிஸ்பைஸ். அதில் இரைச்சல் கணக்கை ஓடவிட்டு, சர்க்யூட்டில் உள்ள ஒவ்வொரு பாகத்தின் மேலும் சொடுக்கினால், மொத்த இரைச்சலில் அந்தப் பாகத்தின் பங்கு எவ்வளவு என்று தனி வரைபடமாக வந்து நிற்கும். யாருடைய இரைச்சல் என்று தெரியாமல் எதை மாற்றினாலும் வீண்செலவு என்பதால், எனக்கு இந்த நிரலில் மிகப் பிடித்த வசதி இதுதான்.

ஆனால் சிமுலேஷன் நாம் கொடுக்கிற ஜாதகத்தைத்தான் படிக்கும். நிரலில் இருக்கும் சாதாரண டயோடுக் குறியீட்டை அப்படியே வைத்தால், அதற்குக் கெபாசிட்டன்ஸ் சுழி. வரைபடமும் குற்றமில்லாமல் வரும். நிஜமான பி.பி.டபிள்யூ. 34 ஃபோட்டோடயோடுக்கு பயாஸ் இல்லாத நிலையில் சுமார் 70 பிகோஃபாரட் உண்டு. ஒரு மின்னோட்ட மூலத்தையும் அதற்கு இணையாக 70 பிகோஃபாரட் கெபாசிட்டரையும் வரைந்தால்தான் அது ஃபோட்டோடயோடு. அப்படி வரைந்து, பின்னூட்டத்தில் 1 பிகோஃபாரட் வைத்து, டி.எல். 072 ஆப்-ஆம்ப்போடு ஓடவிட்டால், 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வரைபடம் மேடாக எழும். மேட்டுக்குச் சொந்தக்காரர் ரெசிஸ்டர் இல்லை, ஆப்-ஆம்ப். அதன் உள்ளீட்டில் இருக்கும், ரூட் ஹெர்ட்ஸுக்கு 18 நானோவோல்ட் இரைச்சலை, இரண்டு கெபாசிட்டர்களின் விகிதம் எழுபது மடங்குவரை பெருக்கிவிடுகிறது. இங்கே ரெசிஸ்டரை மாற்றிப் பயனில்லை. டயோடுக்குச் சில வோல்ட் ரிவர்ஸ் பயாஸ் கொடுத்தால் 70 பிகோஃபாரட் பாதிக்கும் கீழே இறங்கும். பதிலுக்கு, ஒளி இல்லாதபோதும் ஓடும் இருட்டு மின்னோட்டம் கொஞ்சம் சேரும். பின்னூட்டத்தை 10 பிகோஃபாரட் ஆக்கினால் மேடு தணியும், வேகமும் 1.6 கிலோஹெர்ட்ஸாகக் குறையும். ஆற்றுநீருக்கு அந்த வேகமே அதிகம்.

ஜாதகத்தில் வராதவையும் உண்டு. கரண்ட் லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ், தைப்பூச நாட்களில் அடிவாரம் முழுக்க எரியும் சீரியல் விளக்குகள் என எதையும் கணினி அறியாது. சாலிடர் செய்த பிறகு துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸும் அப்படித்தான். அதன் வழியே 12 வோல்ட் தடத்திலிருந்து உள்ளீட்டுக்கு 10 ஜிகா ஓம் கசிவு இருந்தாலே 1.2 நானோஆம்பியர் ஓடும். நாம் அளக்க வந்த மின்னோட்டத்தைவிட அது பெரிது! ஆகவே ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவுகிறோம். எல்.இ.டி.யை நொடிக்கு ஆயிரம் முறையை ஒட்டி, ஆனால் 50-இன் மடங்காக இல்லாத ஓர் எண்ணில் அணைத்து ஏற்றி, அந்தத் தாளத்தோடு ஒத்துவரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கவசத்துக்குப் பழைய பஞ்சாமிர்தத் தகர டின் போதும். தகரத்தில் சாலிடர் நன்றாகப் பிடிக்கும். கிரவுண்ட் ஒயரை நேராகவே பற்றவைத்துவிடலாம்.

ஒளியில் தெரியும் ஒரு சின்னச் சரிவு நிஜமா, இரைச்சலா என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, ஜவ்வாது மலைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விண்மீனின் ஒளியைப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். கோள் மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டது. இரைச்சல் என்று அதை ஒதுக்காமல், கோளைச் சுற்றும் ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டு எழுதினார்கள். விமானத்தில் பறந்த ஆய்வகத்திலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவினர் எடுத்த பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, ஒளியைக் குறைத்தவை யுரேனஸின் வளையங்கள் என்று தெளிந்தது.

பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எல்டிஸ்பைஸ் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். இந்த சர்க்யூட்டை இன்றைக்கே வரைந்து பாருங்கள். டயோடின் 70 பிகோஃபாரடைச் சேருங்கள். ஒவ்வொரு பாகத்தின் இரைச்சலையும் தனித்தனியே பார்த்த பிறகு சாலிடரிங் அயர்னைச் சூடாக்குங்கள்.