யாத்திரிகர் ஊரும் மாணவர் ஊரும்

தென் பிரான்சின் மோன்பெலியே நகரில் சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டால் ழான் ழோரெஸ் சதுக்கத்தில் கால் வைக்க இடம் இருக்காது. நான்கு பக்கமும் காபிக் கடைகள், மதுக் கடைகள். வெளியே போட்ட நாற்காலிகளில் மாணவக் கூட்டம் ஒற்றைக் காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டும். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். அந்த நாற்காலிகளுக்கு அடியில் ஒரு கோவிலின் நிலவறை இருக்கிறது. இடைக்காலத்தில் யாத்திரிகர்களை அலையலையாக இழுத்த மாதா கோவில் அது. வந்தவர்கள் கொண்டுவந்த பல தேசத்துக் காசுகளை மாற்றிக் கொடுப்பதற்காகக் கோவிலைச் சுற்றி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள் நாணய மாற்று வியாபாரிகள். கோவிலுக்கே 'மேசைகளின் மாதா' என்று பெயர் நின்றுவிட்டது. மதச் சண்டையில் இடித்தார்கள், திரும்பக் கட்டினார்கள், பிரெஞ்சுப் புரட்சியின்போது மறுபடியும் இடித்தார்கள். மிஞ்சியது நிலவறை மட்டும். அதற்குமேல் இப்போது காபி.

திருப்பதியை ஒட்டிய திருச்சானூர்க்காரனான எனக்கு இந்த ஊர் பிடிபட அந்தத் தகவல் போதுமாக இருந்தது. எங்களுடையது தாயார் சன்னிதியை நம்பிப் பிழைக்கிற ஊர். திருப்பதிக்கு ஒரு நாளில் வந்து போகிற அறுபது எழுபதாயிரம் பேரில் பலர் எங்கள் தெரு வழியாகவும் போவார்கள். கார்த்திகைப் பிரம்மோற்சவத்தில் பஞ்சமி தீர்த்தத்தன்று பத்ம சரோவரக் குளத்தில் முங்க வருகிற கூட்டத்தில் உள்ளூர்க்காரனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மோன்பெலியேவிலும் அதே கதை. மூன்று லட்சம் பேர் இருக்கிற ஊரில் மாணவர்கள் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல். யாரைக் கேட்டாலும் வேறு ஊர் சொல்வார்கள்.

அப்பா திருச்சானூரில் சின்ன லாட்ஜ் நடத்துகிறார். போனில் அவர் கேட்ட முதல் கேள்வியே தொழில் கேள்வி.

"அங்க சீசன் எப்பப்பா?"

"செப்டம்பர்ப்பா. காலேஜ் தொறக்கற மாசம். ஒரு ரூம் கிடைக்காது."

"நமக்கும் அதே மாசந்தான், புரட்டாசி. வாடகையை ஏத்திடுவாங்களே?"

ஏற்றத்தான் செய்கிறார்கள். செப்டம்பரில் தெருவுக்குத் தெரு யாராவது மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு குறுகலான கல்படியில் ஏறிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்காரர் கேட்கிற காகிதக் கட்டைப் பார்த்தால் தலை சுற்றும். பிரான்சில் சம்பளம் வாங்குகிற ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பார்கள். நேற்று விமானத்திலிருந்து இறங்கியவன் யாரைப் போய்ப் பிடிப்பான்? நல்ல வேளையாக விசால் என்று ஒரு இலவச ஜாமீன் திட்டம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் பலர் அதைப் பிடித்துத்தான் கரையேறுகிறோம். சாப்பாட்டுக்குப் பல்கலைக்கழக உணவகம். நான் போன சமயத்தில் 3.30 யூரோவுக்கு ஒரு தட்டு முழுக்கக் கொடுத்தார்கள். மரக்கறிக்காரன் என்று சொன்னால் மட்டும் தட்டில் கொஞ்சம் வெறுமை தெரியும்.

வெளியூர்க்காரனுக்கு இந்த ஊர் கதவைத் திறந்தது இன்று நேற்றல்ல. 1181 ஜனவரியில் ஊரை ஆண்ட பிரபு எட்டாம் கியேம் ஓர் ஆணை போட்டார்: எவராக இருந்தாலும், எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும், இங்கே மருத்துவம் கற்பிக்கலாம், எந்தத் தனி ஆளுக்கும் அதில் ஏகபோகம் கிடையாது. வியாபாரி ஊருக்கே உரிய புத்தி. போட்டி இருந்தால்தானே கூட்டம் வரும்? 1220இல் மருத்துவக் கல்லூரிக்கு முறையான சட்டதிட்டம் வந்தது. 1289இல் போப் ஒப்புதலோடு பல்கலைக்கழகம். இன்றும் நடக்கிற மருத்துவக் கல்லூரிகளில் உலகத்திலேயே பழையது இதுதான் என்கிறார்கள்.

அந்தக் கட்டடத்தைத் தேடிப் போனால் முதலில் கண்ணில் படுவது பக்கத்துப் பேராலயம்தான். வாசலில் ஆளை மிரட்டுகிற இரண்டு உருண்டைத் தூண்கள், தலையில் கூம்புக் குல்லா. அதன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, பழைய மடத்துக் கட்டடத்தில் கல்லூரி. வாசலின் இரு பக்கமும் இரண்டு மருத்துவர்கள் வெண்கலத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்கள். 1530இல் இங்கே மாணவனாகச் சேர்ந்தவர் ரபெலே, பின்னால் பிரான்சையே சிரிக்கவைத்த எழுத்தாளர். பட்டம் வாங்குகிறவர்கள் அணியும் சிவப்பு அங்கிக்கு அவர் பெயர்தான். அங்கியிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்து ஞாபகமாகக் கொண்டுபோவது பழைய மாணவர்களின் வழக்கமாம். தேய்ந்து தேய்ந்து பல முறை புது அங்கி தைக்க வேண்டியிருந்திருக்கிறது. படித்தவர்கள் ஊரிலும் பக்தி இப்படித்தான் வேலை செய்கிறது.

எதிரே 1593இல் நான்காம் ஹென்றி மன்னர் காலத்தில் போட்ட தாவரத் தோட்டம். மருந்துச் செடி படிக்க வந்த மாணவர்களுக்காக ரிஷே தெ பெல்வால் என்ற பேராசிரியர் உண்டாக்கியது. பிரான்சில் இதற்கு முந்தியது கிடையாது. அங்கே ஃபிலிரியா என்று ஒரு மரம் இருக்கிறது. ஆலிவின் உறவு, பல நூறு வயது. அடிமரம் முழுக்கப் பொந்துகள். அந்தப் பொந்துகளில் மடித்த காகிதங்கள், டிராம் டிக்கெட் பின்பக்கம், நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த கட்டம் போட்ட தாள், எல்லாம் திணித்திருந்தார்கள். வேண்டுதல்கள். காதல் கைகூட, பரீட்சை தேற. தொட்டில் கட்டுகிற மரங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர் எழுதியதைப் பிரித்துப் படிக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். படிக்கவில்லை.

நான் படித்தது லா கையார்ட் வளாகத்து வேளாண் கல்லூரியில், திராட்சை. அதனால் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பிளான்ஷோன் சிலைக்கு எனக்குத் தனி மரியாதை. உச்சியில் அவருடைய மார்பளவுச் சிலை. கீழே ஒரு திராட்சை விவசாயி அவருக்குக் குலை நீட்டுகிறார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சின் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. 1868 ஜூலையில் மோன்பெலியே தாவரவியலாளர் பிளான்ஷோனும் உடன் போனவர்களும், செத்த கொடியை விட்டுவிட்டு, இன்னும் உயிரோடிருந்த கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். வேரில் மஞ்சளாக அப்பிக்கொண்டிருந்தது அசுவினி இனத்துப் பூச்சி, ஃபைலாக்சரா. அமெரிக்காவிலிருந்து வந்தது. மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது: அந்தப் பூச்சியோடு பழகிய அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். பிரான்சில் இன்று காய்க்கிற கொடி அநேகமாக எல்லாமே வெளிநாட்டு வேரில் நிற்பதுதான்.

செய்முறை வகுப்பில் ஒட்டுக்கட்டுகிற கருவியைக் கையில் கொடுத்தார்கள். காலால் மிதித்தால் இரண்டு குச்சியிலும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்கிற வெட்டு விழும். இணைத்து, உருக்கிய மெழுகில் ஒரு முக்கு. சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகளில் கத்தியும் பாலிதீன் நாடாவுமாக உட்கார்ந்து ஒட்டுக்கன்று கட்டுகிறவர்களின் வேகம் இதற்கு வராது. பேராசிரியரிடம் சொன்னேன். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

நகரத்துக்கு வடக்கே ஒரு வறண்ட குன்றின்மேல் ஸ்காட்லாந்துக்காரர் கல்லூரி இருக்கிறது. கட்டியவர் பேட்ரிக் கெடிஸ். 1914இல் இந்தியாவுக்கு வந்து, சென்னையில் நகரக் கண்காட்சி நடத்தி, மதுரை, தஞ்சாவூர் என்று கோவில் ஊர்களில் தெருத் தெருவாக நடந்து அறிக்கை எழுதியவர். பழைய வீடுகளை இடித்து அகல ரோடு போடுகிற இன்ஜினீயர்களோடு மல்லுக்கு நின்றவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துவிட்டு, 1924இல் மோன்பெலியேவில் வந்து குடியேறினார். வெவ்வேறு நாட்டு மாணவர்கள் வந்து தங்கிப் படிக்க நாட்டுக்கு ஓர் இல்லம் என்பது அவர் திட்டம்; இந்தியர்களுக்கும் ஒன்று வேண்டும் என்று முயன்றார். 1932 ஏப்ரலில் அங்கேயே காலமானார். அவர் நினைத்த அளவுக்குக் கல்லூரி வளரவில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு ரூம் கட்டியிருக்காரு. லாட்ஜ்தானே?"

"ஒரு வகையில லாட்ஜ்தான்பா."

"ஊருக்கு வெளிய, குன்று மேல போய்க் கட்டினா எவன் வருவான்? கோவில் பக்கத்துல கட்டியிருக்கணும்."

ஏழு மலைக்கு அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற மனுஷர் சொல்கிறார் இதை.