சும்மா வெளியே போய்வருவது

ஒரு வயதுக் குழந்தையோடு குடும்பமாக எங்கே போகலாம் என்று தேடினால் ஒரு பட்டியல் வரும். மால், ப்ளே ஏரியா, ரிசார்ட், பஃபே. டிக்கெட், பார்க்கிங், சாப்பாடு என்று கூட்டினால் எங்கள் மாதச் செலவில் பெரும் பங்கு ஒரே நாளில் போய்விடும். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பட்டியலை எழுதுகிறவர்களுக்கு ஒரு நிச்சயம் இருக்கிறது. போகிற இடத்தில் தங்களை யாரும் நிறுத்தி, நீங்கள் யார் என்று கேட்கமாட்டார்கள் என்ற நிச்சயம். நமக்கு அது பரம்பரையாக வந்த சொத்து அல்ல. எனவே நம் குழந்தைகளுக்கான பட்டியலை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருவருமே சேரியில் பிறந்தவர்கள். ஒருவரின் அம்மா நடவு வேலைக்குப் போனவர், மற்றவரின் அம்மா செங்கல் சூளைக்குப் போனவர். ஒரு வயதில் எங்களையும் வெளியே தூக்கிக்கொண்டுதான் போனார்கள். வரப்போர வேலமரத்தில் பழைய சேலையில் தூளி கட்டி ஒருவரைப் போட்டார்கள். இன்னொருவருக்குச் சூளை நிழல். அம்மாக்கள் வீட்டைவிட்டு இறங்க எப்போதும் ஒரு காரணம் வேண்டியிருந்தது: கூலி வேலை, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ். ஊர்க்காரர்களுக்குக் குடும்பத்தோடு வெளியே போகத் தேர்த்திருவிழா இருந்தது. அந்தத் தேர் எங்கள் தெருவுக்கு வராது. நாங்கள் போனாலும் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். சும்மா வெளியே போவது, ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது என்பதெல்லாம் எங்கள் அம்மாக்களுக்குத் தெரியாத விஷயம்.

இது எங்கள் இரண்டு வீட்டுக் கதை மட்டுமல்ல. அம்பேத்கரின் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ நூலைப் படித்த தோழர்களுக்குத் தெரியும், அதன் முதல் பகுதியே குழந்தைகளின் விடுமுறைப் பயணம்தான். 1901ஆம் ஆண்டு, சத்தாராவில் இருந்த பீம், அண்ணன், அக்கா பிள்ளைகள் எல்லாரும் கோரேகானில் வேலைபார்த்த அப்பாவைப் பார்க்க ரயிலேறுகிறார்கள். பீமுக்கு அப்போது பத்து வயது இருக்கும். புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, புதுச் செருப்பு என்று பயணத்துக்கென்றே எல்லாம் வாங்கியிருந்தார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரித்தார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. இரட்டிப்புக் கூலி பேசியும் வண்டிக்காரர் அவர்களோடு உட்கார்ந்து ஓட்டச் சம்மதிக்கவில்லை. பிள்ளைகளே வண்டியை ஓட்டினார்கள், அவர் கூடவே நடந்து வந்தார். கையில் சோறு இருந்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. சாப்பிடாமலே அந்த இரவு தூங்கினார்கள்.

அதே நூலில் இன்னொரு பயணமும் உண்டு. 1934இல் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேர் எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலருகே இருந்த குளத்தில் கை கால் முகம் கழுவியதற்குப் பெரிய தகராறாகிவிட்டது. கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலர் கூடவே வந்தார். அப்போது அம்பேத்கர் உலகம் அறிந்த தலைவர், வட்டமேசை மாநாடுகளுக்குப் போய்வந்தவர். சுற்றுலாப் போன இடத்தில் கை கழுவ முடியவில்லை.

இதையெல்லாம் பட்டவர் தலைமை தாங்கிய குழு எழுதிய அரசியல் சட்டத்தில் 15(2) என்றொரு பிரிவு இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் அதை மனப்பாடமாகச் சொல்வீர்கள். கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள், கிணறு, குளம், படித்துறை, சாலை, மக்கள் கூடும் பொது இடங்கள் எதிலும் சாதியைக் காட்டி எவரையும் தடுக்கக்கூடாது என்கிறது அது. அந்தப் பட்டியலில் கேளிக்கையும் இருப்பதைக் கவனியுங்கள். வேலையும் படிப்பும் மட்டும் உரிமையல்ல, பொழுதுபோக்கும் உரிமை.

சரி, குழந்தையோடு எங்கே போவது? நாங்கள் இருப்பது சென்னை, அதனால் சென்னையையே சொல்கிறோம்.

முதலில் கிண்டி. சிறுவர் பூங்காவில் மரமும் நிழலும் பறவைகளும் உண்டு. அதை முடித்துவிட்டு அதே சர்தார் படேல் சாலையில் இருக்கும் காந்தி மண்டப வளாகத்துக்குப் போகலாம். அங்கே நம்மவர்கள் இருவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஒருவர் 1893இல் ‘பறையன்’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கிய ரெட்டைமலை சீனிவாசன். இன்னொருவர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், இவருக்கு 2023இல்தான் மண்டபம் திறந்தார்கள். இருவரும் மைத்துனர்கள், ஆகக் குடும்பமாகப் போய்ப் பார்க்கப் பொருத்தமான இடம். பொதுத் தெருவும் குளமும் கிணறும் எல்லாருக்கும் பொது என்று 1924இல் சென்னை சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டியிருந்தது. ரெட்டைமலையார் அந்த அவையில் உறுப்பினராக இருந்தார். ஒரு வயதுப் பாப்பாவுக்கு இந்தக் கதை எதுவும் வேண்டாம். அவளுக்கு மண்டபத்துப் படி வேண்டும், அதில் ஏறி இறங்க நம் இரண்டு விரல்கள் வேண்டும்.

வெயில் தாங்காத மாதங்களில் எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். பெரியவர்களுக்கு அமராவதி பௌத்தச் சிற்பங்கள், குழந்தைக்குத் திமிங்கில எலும்புக்கூடு. மழை நாளென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதி. தரையில் உட்கார்ந்து படப் புத்தகம் புரட்டலாம். மெரினாவுக்குக் காலை ஆறு மணிக்கே போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். மணல் போதும், அலைப் பக்கம் கூட்டிப்போக வேண்டாம்.

எங்கள் அனுபவத்தில் சில குறிப்புகள். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். குழந்தை தூங்கும் நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். இட்லி, வாழைப்பழம், ஆறவைத்த வெந்நீர், மாற்றுத்துணி, விரிக்க ஒரு பழைய புடவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் அம்மாவையும் அத்தையையும் கூட்டிப்போகலாம். நாம் காட்டுவதைக் குழந்தை பார்க்காது. மானைக் காட்டினால் எறும்பைப் பார்க்கும். பார்க்கட்டும்.

இந்த இடங்களிலெல்லாம் எல்லாம் சமமாக நடக்கிறது என்று சொல்லவில்லை. போன மாதம் ஒரு பூங்காவில் வயதான அம்மா ஒருவர் பாப்பாவை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டார், சொன்னோம். சொந்த ஊர் கேட்டார், சொன்னோம். “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்டார். இந்தக் கேள்வி எதற்கு என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. “காலனிங்கம்மா” என்றோம். கொஞ்ச நேரத்தில் பாப்பாவைப் புல்லில் இறக்கிவிட்டு, வெயில் ஏறுது என்று எழுந்து போனார். வெயில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அவர் ஏன் எழுந்தார் என்று நாங்கள் அவரைக் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் எழவில்லை. பாப்பா களைத்துத் தூங்கும்வரை, இன்னும் முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். ஒருவர் எழுந்து போவதற்காக நாம் கிளம்பினால் நாளைக்கு அந்தப் புல்தரை யாருடையதாகிவிடும்?

இயக்க வேலை செய்யும் இளம் தோழர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம், கூட்டத்துக்குக் கொண்டுபோகிறோம், ஆர்ப்பாட்டத்தில் தோளில் வைத்துக்கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் அது நம் வேலைக்குக் குழந்தையைக் கொண்டுபோவது. நம் அம்மாக்கள் வரப்புக்குக் கொண்டுபோன மாதிரி. குழந்தைக்காக நாம் போகிற நாள் வேறு. அன்றைக்குத் துண்டறிக்கை வேண்டாம், போனில் அறிக்கை திருத்துவதும் வேண்டாம். போராடுகிறவனுக்கு ஓய்வெதற்கு என்று கேட்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். நம்மை ஓய்வே இல்லாமல் வைத்திருந்தது யார் என்று அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்.

கல்யாணம் ஆகாதவர்கள், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் இது நமக்கல்ல என்று நினைக்க வேண்டாம். அக்கா குழந்தை இருக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தை இருக்கும். பேருந்து வசதி இல்லாத ஊரென்றால் ஏரிக்கரையோ பஞ்சாயத்துப் பூங்காவோ போதும். அதுவும் 15(2)இல் அடக்கம். முடிந்தால் உங்கள் அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள். எங்கள் அம்மாக்களில் ஒருவர் முதல்முறை வந்தபோது, “இங்க நமக்கு என்னடா வேலை?” என்று மூன்று தடவை கேட்டார். வேலை எதுவும் இல்லைம்மா, உட்காருங்கள் என்றோம்.

ஜெய்பீம்.