வணங்கவா வாக்களித்தோம்?

சென்னை மேயரை "வணக்கத்திற்குரிய மேயர்" என மேடைகளில் அறிமுகப்படுத்தக் கேட்கும்போதெல்லாம், எளாவூர்க்காரனாகிய என் நெஞ்சில் எழும் வினா ஒன்று: வணங்கவா வாக்களித்தனர் மக்கள்?

1688இல் அம்மாநகராட்சியைத் தோற்றுவித்தது கிழக்கிந்தியக் கம்பெனி. முதல் மேயர் ஹிக்கின்சனை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வணங்கும் உரிமை ஒன்றே அவர்களுக்கு இருந்தது. 2022இலோ மக்கள் 200 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். அவர்கள் 28 வயது ஆர். பிரியாவை மேயராக்கினர். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து அப்பதவி ஏறிய முதல் பெண் அவர். பிறப்பு போட்ட வேலியை வாக்கு பிளந்தது!

எங்கள் எளாவூரில் மேயர் இல்லை, கிராமசபை உண்டு. அங்கே வாக்காளர் அனைவரும் உறுப்பினரே; வரவு செலவை எவரும் கேட்கலாம். நகராயினும் சிற்றூராயினும், உங்கள் வார்டு உறுப்பினரை அறிந்துகொள்ளுங்கள். மாலை சூட்ட அன்று, குடிநீருக்கும் சாக்கடைக்கும் கணக்குக் கேட்க!