இது கனவு என்று கனவிலேயே தெரிந்தால்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

கனவு கண்டுகொண்டிருக்கும்போதே "அட, இது கனவுதானே" என்று சிலருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் கனவு தொடரும். ஆங்கிலத்தில் இதற்கு லூசிட் ட்ரீம் என்று பெயர். 1913-இல் ஒல்லாந்துக்கார மனநல மருத்துவர் ஃப்ரெடரிக் வான் ஈடன் தன் கனவுகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு அந்தப் பெயர் பரவியது. நான் தெளிகனவு என்று சொல்லிக்கொள்கிறேன். பயிற்சி செய்தால் பலருக்கு இது வரும்.

நான் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு மாணவன். இரவில் மழை பெய்தால் அடுத்த நாள் வகுப்பில் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவான். கண்டித்தும் பயனில்லை. ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மழ பேஞ்சா ஒரே கனவுதான் டீச்சர் வருது. மல சரிஞ்சி லயத்து மேல வருது. நான் ஓடப் பாக்குறேன், காலு வரமாட்டேங்குது."

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கனவு எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, வீட்டில் ஆட்களும் இல்லை. என் மாணவன் அதை நேரில் பார்த்தவன் இல்லை. ஆனால் மழைக்காலம் வந்தால் பெரியவர்கள் அதைத்தான் பேசுகிறார்கள்.

கால் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. நாம் தெளிவான கனவுகளை அதிகம் காண்பது ரெம் என்ற தூக்க நிலையில். அப்போது மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டுவிடுகிறது, கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடிவிடாமல் இருக்க. மூச்சு விடும் தசையும் கண்ணை அசைக்கும் தசைகளும்தான் முக்கியமான விதிவிலக்கு. இந்தக் கட்டு அவிழும் முன் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அமுக்குவான் என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சில நிமிடத்தில் தானாகப் போய்விடும்.

கண் மட்டும் அசையும் என்பதை வைத்துத்தான் தெளிகனவை நிரூபித்தார்கள். 1975 ஏப்ரல் 12-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், தூங்கிக்கொண்டிருந்த அலன் வோர்ஸ்லி, முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடதும் வலதுமாக எட்டு முறை அசைத்தார். ஆய்வாளர் கீத் ஹேர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தார். சில வருடங்களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் தனியாக இதையே காட்டினார். 2021-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தூங்குகிறவரிடம் "எட்டில் ஆறு போனால்?" என்று கேட்க, அவர் கனவுக்குள் இருந்தபடியே கண்ணை இரண்டு முறை அசைத்துப் பதில் சொன்னார். விழித்திருக்கும் பிள்ளைகளிடமே இந்தப் பதிலை வாங்கக் கஷ்டப்படும் எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

பயிற்சி எளிமையானது. விழித்தவுடன் கனவைக் கொப்பியில் எழுத வேண்டும். பகலில் அடிக்கடி "இது கனவா?" என்று உண்மையாகவே கேட்டுப் பார்க்க வேண்டும். ஏதாவது எழுத்தை வாசித்து, பார்வையைத் திருப்பி, மறுபடி வாசிக்கலாம். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிப்போகும். மூன்றாவதுதான் முக்கியம். ஐந்து மணி நேரம் தூங்கிய பின் எழுந்து, கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, "அடுத்த கனவில், இது கனவு என்று நினைவு வரும்" என்று மனதில் சொல்லிக்கொண்டே மறுபடி தூங்க வேண்டும். இது லாபெர்ஜின் முறை. 2017-இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், இந்த மூன்றையும் சேர்த்து ஒரு வாரம் செய்தவர்களுக்குச் சுமார் 17 சதவீத முயற்சிகள் பலித்தன. சொல்லிக்கொண்டு ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிப்போனவர்களுக்கு அது ஏறக்குறைய 46 சதவீதம்.

தஹஜ்ஜுத்துக்கு எழும்புகிறவர்களுக்கு இந்த நேரக்கணக்கு புதிதல்ல. சுபஹுக்கு முந்திய அந்தத் தூக்கத்தில்தான் ரெம் நீளமாக இருக்கும். நானும் தொழுதுவிட்டு, கிடைத்த அரை மணி நேரத்தில்தான் முயன்றேன். மூன்றாவது வாரம் பஸ்ஸில் போவதாக ஒரு கனவு. பலகையில் பண்டாரவளை என்று இருந்தது. மறுபடி பார்த்தேன், எழுத்து கலைந்து வேறு ஏதோ ஆகியிருந்தது. "இது கனவு!" சந்தோஷத்தில் உடனே விழித்துவிட்டேன். பிறகு இரண்டு முறை கொஞ்சம் நீடித்தது. கனவு கலையப் போகும்போது உள்ளங்கைகளைத் தேய்த்தால் நிற்கும் என்கிறார்கள். எனக்கு நின்றது.

உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஷைத்தானோட விளையாட்டுப் போடாத மகள்" என்றார். அவர் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஹதீஸில் கனவு மூன்று வகை: அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் கவலைப்படுத்துவது, மனம் தன்னோடு பேசிக்கொள்வது. கெட்ட கனவு கண்டால் இடது பக்கம் மூன்று முறை இலேசாகத் துப்பி, பாதுகாப்புத் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுக்கவும், அதை யாரிடமும் சொல்லாமல் விடவும் நமக்கு வழி காட்டப்பட்டிருக்கிறது. நான் முயன்றது மூன்றாவது வகையில் மட்டும். இப்னு கல்தூனும் 1377-இல் எழுதிய முகத்திமாவில், தூங்கும்முன் சில சொற்களைச் சொல்லித் தான் கனவு கண்டதைக் குறிப்பிடுகிறார். நினைத்தால் கனவு வந்துவிடும் என்பதற்கு இது ஆதாரமல்ல, அச்சொற்கள் மனதை ஆயத்தப்படுத்துகின்றன, அவ்வளவுதான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். இன்றைய ஆய்வாளர்களின் நிதானம் அதில் இருக்கிறது.

ஆனால் மாணவனுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. வளரும் பிள்ளையை நடு இரவில் எழுப்பக்கூடாது, அவனுக்கு ஏற்கனவே தூக்கம் போதவில்லை. கெட்ட கனவுகளுக்குப் பகலிலேயே செய்யக்கூடிய ஒரு முறை உண்டு. கனவை எழுதி, முடிவைத் தன் விருப்பப்படி மாற்றி, புதிய கதையைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பெரியவர்களிடம் பேரி க்ராகோவ் குழுவினர் இதைச் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். பயங்கரக் கனவுகள் குறைந்தன, தூக்கமும் சீரானது.

அவனிடம் முடிவை மாற்றச் சொன்னேன். பறந்து போவான், மலையைக் கையால் நிறுத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் எழுதியது வேறு. லயத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லோரையும் எழுப்புகிறான். பாட்டியைத் தோளில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறான்.

அதை வாசித்தபோதுதான் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. இந்தப் பயத்தைப் போக்குவது சரியா? லயத்துக்கு மேலே இருக்கும் சரிவு கனவு இல்லையே. மீரியபெத்தைக்கு முன்கூட்டியே எச்சரிக்கைகள் வந்திருந்தன. போக இடமில்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். நிம்மதியாகத் தூங்கு என்று பிள்ளைக்குச் சொல்வது யாருக்கு வசதி?

பதில் அவன் எழுதியதிலேயே இருந்தது. அவன் பயத்தை அழிக்கவில்லை, அதற்கு ஒரு வேலை கொடுத்திருந்தான். அதனால் வகுப்பில் எல்லோரையும் எழுதச் சொன்னேன்: உங்கள் வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது? இரவில் போக வேண்டி வந்தால் எந்த வழி? யாரை எழுப்ப வேண்டும்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை வீட்டில் யார் பார்ப்பார்கள்? நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர் ஆகிய அடையாளங்களையும் படித்தோம். அந்தக் கனவு அவனுக்கு இன்னும் சில நேரம் வருகிறது. ஆனால் இப்போது கால் நகர்கிறதாம். வீட்டில் பிறப்புச் சான்றிதழ்களையும் டோர்ச்சையும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பெற்றோரே, பிள்ளைக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால் "ஒண்ணுமில்ல, படு" என்று முடித்துவிடாதீர்கள். ஓதிக் கொடுங்கள், தடவிக் கொடுங்கள். விடிந்த பிறகு, அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். பயத்துக்கான காரணம் வீட்டுக்கு மேலேயே இருந்தால், அதைப் பிள்ளை மட்டும் தனியாகச் சுமக்க விடாதீர்கள். அது தோட்ட நிர்வாகமும், பிரதேச செயலகமும், நாம் எல்லோரும் விழித்திருந்து பார்க்க வேண்டிய விஷயம்.